மெனோனைட் பெண்ணாக வாழ்வது: ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். கல்யாணமாகி 2004ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் கிச்சனருக்கு வந்தேன். அப்போது கார் கிடையாது. கைக்குழந்தையோடு நடந்து போகும் தூரத்தில் இருந்தது ஒரே ஒரு சபை, அது மெனோனைட் சபை. 2011ல் அதிலேயே உறுப்பினராகிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் எழுதியிருக்கிறேன்.

1. மெனோனைட்டுன்னா என்ன? அது தனி மதமா?

இல்லை, கிறிஸ்தவத்துக்குள் ஒரு பிரிவு. நாம் படிக்கும் அதே வேதாகமம்தான். 1525 ஜனவரி 21 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு வீட்டில் கூடிய சிலர், பெரியவர்களான பிறகு தாங்களே விரும்பி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். கான்ராட் கிரேபெல், பெலிக்ஸ் மான்ஸ், ஜார்ஜ் ப்ளௌராக் என்பவர்கள் அதில் முக்கியமானவர்கள். அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சபைக் காரியம் மட்டுமல்ல, அந்த ஊரின் குடிமகன் என்பதற்கும் அதுதான் அடையாளம். அதை மறுத்தால் அரசையே மறுத்த மாதிரி. இரண்டே வருடத்தில் மான்ஸைக் கைகால் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள்.

பெயர் வந்தது மெனோ சைமன்ஸ் என்பவரிடமிருந்து. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து பகுதியில் கத்தோலிக்க குருவாக இருந்தவர், 1536ல் அதை விட்டு வெளியே வந்தார். இந்தக் கூட்டத்தைத் தொடங்கியவர் அவர் இல்லை. துரத்தப்பட்டுச் சிதறிக் கிடந்தவர்களைத் தேடித் தேடிப் போய் ஒன்றாகச் சேர்த்தவர். அவர் ஆட்கள் என்று ஊர் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது.

2. ஏட்டி, அப்போ நீயும் குதிரை வண்டியிலதான் போறியா?

அத்தை கேட்டது இது. இல்லை அத்தை, நான் பேருந்திலும் காரிலும்தான் போகிறேன். ஆனால் குதிரை வண்டியில் போகிறவர்களும் மெனோனைட்தான், அவர்களும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1800ஐ ஒட்டிய வருடங்களில் பென்சில்வேனியாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இந்த வாட்டர்லூ பகுதியில் குடியேறியவர்களின் வம்சம். 1889ல் இங்கே ஒரு பிளவு வந்தது. புதிய வழக்கங்கள் வேண்டாம், பழைய ஒழுங்கே போதும் என்றவர்கள் ‘பழைய ஒழுங்கு மெனோனைட்’ என்று தனியாகப் போனார்கள். செயின்ட் ஜேக்கப்ஸ், எல்மைரா பக்கம் சாலை ஓரத்தில் அவர்களுடைய கறுப்பு வண்டிகளைப் பார்க்கலாம். வீட்டில் மின்சாரமும் தொலைபேசியும் வைத்துக்கொள்கிறார்கள். காரும் தொலைக்காட்சியும் கிடையாது.

நடுவில் இன்னொரு கூட்டமும் உண்டு. 1939ல் பிரிந்தவர்கள், கார் ஓட்டலாம் ஆனால் கறுப்புக் காராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நான் இருப்பது மூன்றாவது வகை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

3. ஆமிஷ்காரங்கன்னு சொல்றாங்களே, அவங்களும் நீங்களும் ஒண்ணா?

ஒரே வேர். 1693ல் யாக்கோப் அம்மான் என்பவர், சபை ஒழுங்கை மீறியவர்களை இன்னும் கடுமையாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்லிப் பிரிந்து போனார். அவர் பெயரால்தான் ஆமிஷ். பெரியப்பா பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. தலையில வெள்ளைத் தொப்பி, கழுத்து வரைக்கும் மூடின கவுன்னு படத்துல பார்த்தோமே. நீ ஏன் போடலை?

1 கொரிந்தியர் 11ல் பவுல் பெண்கள் ஜெபிக்கும்போது தலையை மூடச் சொல்கிறார். பழைய ஒழுங்குப் பெண்கள் அதை நாள் முழுவதும் கடைப்பிடிக்கிறார்கள். எங்கள் சபையிலும் இப்போது 80 வயதைத் தாண்டிய பாட்டிகள் சின்ன வயதில் போட்டவர்கள்தான். 1950, 60களில் மெல்ல மெல்லக் கழன்றது. தொப்பி இல்லாமல் முதல் முறை கோயிலுக்குள் நுழைந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்.

இதில் நமக்கு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நம் ஊர்க் கோயிலில் ஜெபம் தொடங்கியதும் அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் போடுவாள். அதே வசனம்தான். முதல் இரண்டு வருடம் நானும் பழக்கத்தில் சுடிதார் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். யாரும் போடு என்றோ எடு என்றோ சொல்லவில்லை.

5. நகை போடக் கூடாதாமே, பெந்தெகொஸ்தே ஆளுக மாதிரியா?

பழைய ஒழுங்கில் கல்யாண மோதிரம்கூடக் கிடையாது. எங்கள் சபையில் தடை எதுவும் இல்லை. நான் தாலிச்சங்கிலி போட்டிருக்கிறேன். ஆனால் இங்கே நகையை யாரும் கவனிப்பதில்லை, யார் எவ்வளவு போட்டிருக்கிறாள் என்று கண்ணால் எடை போடுவதும் இல்லை. எளிமை என்பதை இங்கே பாவ புண்ணியக் கணக்காகப் பார்ப்பதில்லை. இருக்கிறவளும் இல்லாதவளும் ஒரே பெஞ்சில் கூச்சமில்லாமல் உட்கார வேண்டும், அதற்காகத்தான். எனக்கு இது பெரிய நிம்மதி.

6. நமக்குத்தான் சின்னதுலயே ஞானஸ்நானம் கொடுத்தாச்சே, மறுபடி எதுக்கு?

அம்மா இதைக் கேட்டுப் போனில் அழுதாள். மூன்று மாதக் குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு போய், சபைப் போதகரான ஐயர் கையில் கொடுத்து, பெயர் வைத்து வாங்கி வந்தவள் அவள். ‘அப்போ நான் செஞ்சது செல்லாதா?’ என்றாள். என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை.

சபையும் என்னை வற்புறுத்தவில்லை. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், தன் விசுவாசத்தை எல்லார் முன்னாலும் அறிக்கையிட்டால் போதும், அப்படியே ஏற்றுக்கொள்ளும் மெனோனைட் சபைகள் இன்று நிறைய இருக்கின்றன. எங்களுடையதும் அப்படித்தான். நானேதான் வேண்டும் என்றேன். முதல் கேள்வியில் சொன்ன அந்த சூரிக் வீட்டுக் கதையைக் கேட்டதிலிருந்து அது என்னை விடவில்லை. நல்ல மகள், நல்ல மருமகள், நல்ல மனைவி என்று எல்லாமே எனக்காக வேறு யாரோ முடிவு செய்த காரியங்கள். இது ஒன்றையாவது நானே வாய் திறந்து ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. பெந்தெகொஸ்தேகாரர்கள் போல ஆற்றில் முழுக்கவில்லை. முழங்காலில் நின்றேன், தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார்கள்.

பிற்பாடு அம்மாவிடம் சொன்னேன்: நீ என்னைக் கொண்டுபோய்க் கொடுத்தாய், நான் இப்போது என் காலால் நடந்து போனேன், இரண்டும் ஒரே இடத்துக்குத்தான். அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அழவில்லை.

7. ஞாயித்துக்கிழமை ஆராதனை எப்படி இருக்கும்? பாட்டெல்லாம் உண்டா?

பாட்டுதான் முதலில். பழைய ஒழுங்குச் சபைகளில் வாத்தியமே கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து மெதுவாக ஜெர்மன் பாட்டுப் பாடுவார்கள். எங்களிடம் பியானோ இருக்கிறது. ஆனாலும் முக்கியமான பாட்டு வந்தால் பியானோ நின்றுவிடும். வெறும் குரல்தான், நாலு பாகமாகப் பிரியும். பாடகர் குழு என்று தனியாக எழுந்து நிற்க யாரும் இல்லை, முழுச் சபையும் பாடும். 1969ல் வந்த பாட்டுப் புத்தகத்தில் 606ஆம் எண் துதிப்பாட்டு ஒன்று உண்டு. பிறகு வந்த புத்தகங்களில் அதன் எண் மாறிவிட்டது. இருந்தும் பெரியவர்களுக்கு அது இன்றைக்கும் ‘606’தான். யாராவது அந்த எண்ணைச் சொன்னால் மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும்.

பிரசங்கம் 20 நிமிடம். அதற்குப் பிறகு சபையாரில் யார் வேண்டுமானாலும் எழுந்து தங்கள் பாரத்தைச் சொல்லலாம்: வேலை போனது, பிள்ளைக்கு அறுவை சிகிச்சை, பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம். ஊரில் இதையெல்லாம் மறைத்துத்தான் பழக்கம். நான் எழுந்து பேச ஐந்து வருடம் ஆனது.

8. காலைக் கழுவுறாங்களாமே, நிஜமாவா?

நிஜம்தான். யோவான் 13ல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை அப்படியே செய்கிறார்கள். எங்கள் சபையில் பெரிய வியாழனன்று. பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு. இருவர் இருவராக. ஒருவர் உட்கார, மற்றவர் முழங்காலிட்டு இரண்டு காலிலும் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். முடிந்ததும் கட்டிப்பிடித்து ஆசி சொல்லிக்கொள்வார்கள்.

நமக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே உள்ளவர்களுக்குப் புரியாது. தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். முதல் வருடம் எனக்கு இணையாக வந்தவர் 79 வயதுப் பாட்டி. நான் அவர் காலைக் கழுவிவிட்டேன், அது சுலபம். அப்புறம் அவர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முழங்காலாகக் கீழே இறங்கினார். வேண்டாம் என்று நான் காலை இழுத்துக்கொண்டேன். அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்கும் முறை உண்டு’ என்றார். கால் கழுவுவதைவிடக் கழுவ விடுவதுதான் பெரிய கீழ்ப்படிதல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

9. சாப்பாட்டுக்கு என்ன பண்ற? உனக்கு அங்க சோறு கிடைக்குதா?

மாதம் ஒரு ஞாயிறு பாட்லக். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து நீள மேசையில் வைத்துவிட்டு, எல்லாரும் எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பிடுவது. நம் ஊர்ச் சபை விருந்தான அசனப் பண்டிகைதான், ஆனால் ஒரே அடுப்பில் சமைக்காமல் ஐம்பது அடுப்பில் சமைத்தது. பென்சில்வேனியா வழி வந்தவர்கள் மொலாசஸ் பாகில் செய்த ஷூஃப்ளை பை கொண்டுவருவார்கள். ரஷ்யா, உக்ரைன் வழி வந்தவர்கள் வீட்டில் கோடையில் ரோல்கூகென் பொரிப்பார்கள். கிட்டத்தட்ட நம் பூரி மாதிரி, தர்பூசணியோடு தொட்டுச் சாப்பிடுவது. நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோவேன். பாத்திரம் காலியாகத்தான் வீடு திரும்பும்.

10. பொம்பளைங்க எல்லாம் கூடி என்னதான் செய்வீங்க?

தைப்போம். புதன்கிழமை காலையில் சபையின் கீழ்த்தளத்தில் கூடுவோம். துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, அடித்துணியோடு சேர்த்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவோம். அதைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் உட்காருவோம். பொடித் தையல் போட்டால் அது குயில்ட், விலை உயர்ந்தது. கம்பளி நூலால் அங்கங்கே முடிச்சுப் போட்டு முடித்தால் அது கம்ஃபர்ட்டர், போர்த்திக்கொள்ள. கம்ஃபர்ட்டர்கள் ‘மெனோனைட் மத்தியக் குழு’ வழியாக அகதி முகாம்களுக்குப் போகும். அந்தக் குழு 1920ல் தொடங்கியது. அப்போது இன்றைய உக்ரைன் பகுதியில் பஞ்சம், அங்கிருந்த மெனோனைட் மக்களும் அக்கம்பக்கத்தாரும் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடத்தான் அமெரிக்க மெனோனைட் சபைகள் பணம் சேர்த்தன.

குயில்ட்டுகள் ஏலத்துக்குப் போகும். 1967லிருந்து நியூ ஹாம்பர்க் என்ற ஊரில் மே மாதக் கடைசியில் பெரிய நிவாரண ஏலம் நடக்கிறது. முதல் முறை போனபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம் ஊர் அறுப்பின் பண்டிகை ஏலம் ஞாபகம் வந்தது. வாழைத்தாரும் சேவலும் ஏலம் போகும், பத்து ரூபாய்ப் பூசணிக்காயை ஐந்நூறுக்கு எடுத்துவிட்டு மறுபடி ஏலத்துக்கே கொடுப்பார்கள். இங்கேயும் அப்படியே ஒரு ரொட்டியை நூற்றுக்கணக்கான டாலருக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஊரிலிருந்து அம்மாவின் நைந்துபோன சுங்குடிச் சேலைகள் மூன்றைக் கொண்டுவந்து வெட்டி இரண்டு கம்ஃபர்ட்டர் முடித்தேன். எந்த முகாமில் யார் போர்த்தியிருக்கிறார்களோ. சுங்குடிப் புள்ளிகளை வெட்டும்போது பாட்டிகள் கத்தரியை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள், ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிந்து சாயம் ஏற்றியது என்று சொன்னதும் யாருக்கும் வெட்ட மனம் வரவில்லை. அந்தத் தையல் மேசையில்தான் நான் இங்கிலீஷ் பேசப் பழகினேன். கர்ப்பம் கலைந்ததை முதலில் சொன்னதும் அங்கேதான். ஊசியைப் பார்த்துக்கொண்டே பேசலாம், யார் கண்ணையும் பார்க்க வேண்டியதில்லை.

11. பொம்பளைங்க பிரசங்கம் பண்ண விடுவாங்களா?

சபையைப் பொறுத்தது. பழைய ஒழுங்கில் இல்லை. அங்கே ஊழியரை ஆண்களிலிருந்து சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். முன்மொழியப்பட்ட ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் எடுப்பார், எந்தப் புத்தகத்துக்குள் சீட்டு இருக்கிறதோ அவர் ஆயுள் முழுக்க ஊழியர், சம்பளம் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண் போதகர்கள் சாதாரணம். 1911லேயே ஃபிலடெல்ஃபியாவில் ஆன் அல்லெபாக் என்ற மெனோனைட் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அதே வருடம் நெதர்லாந்தில் அன்னா செர்னிகேயும் போதகரானார். ஆனால் வட அமெரிக்காவில் அல்லெபாக்குக்குப் பிறகு பல பத்து வருடங்கள் கதவு மூடியேதான் கிடந்தது. நம் தென்னிந்தியத் திருச்சபையிலும் 2013ல் நந்தியாலில் புஷ்பலலிதா பேராயரானார், அதை மறந்துவிடக் கூடாது.

‘பெண்கள் சபையில் பேசக் கூடாது’ என்று யாராவது சொன்னால் எனக்கு மேய்க்கன் வென்ஸ் ஞாபகம் வரும். 1573ல் ஆண்ட்வெர்ப் நகரில் இந்த விசுவாசத்துக்காக எரித்துக் கொல்லப்பட்டவர், பிள்ளைகளைப் பெற்ற தாய். போகும் வழியில் கூடியிருப்பவர்களிடம் பேசிவிடக் கூடாது என்று நாக்கைத் திருகாணியால் இறுக்கிவிட்டார்கள். 15 வயது மூத்த மகன் அதைப் பார்க்கப் போய் மயங்கி விழுந்தான். எல்லாரும் போன பிறகு எழுந்து, சாம்பலைக் கிளறி, அந்தத் திருகாணியைத் தேடி எடுத்துக்கொண்டான். பேசாத பெண்ணின் நாக்கை யாரும் திருகாணி போட்டு இறுக்குவதில்லை.

12. கோர்ட்டுல சத்தியம் பண்ண மாட்டீங்களாமே, ஏன்?

மத்தேயு 5ல் ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்று இருக்கிறது. சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால், மற்ற நேரம் சொல்வது என்ன? கனடாவில் குடியுரிமை வாங்கும்போது சத்தியம் செய்யலாம் அல்லது உறுதி கூறலாம். நான் உறுதி கூறினேன். தமிழ்நாட்டில் அமைச்சர்கள் சிலர் ‘ஆண்டவன் அறிய’ என்பதை விட்டு ‘உளமார’ என்று பதவி ஏற்பதைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்தில் வழி ஒன்றுதான். நாங்கள் அதில் நடப்பது கடவுள் நம்பிக்கையினாலேயே.

13. பட்டாளத்துக்குப் போகக் கூடாதாமே? அப்போ உங்க அப்பா செஞ்சது பாவமா?

சித்தப்பா நேராகவே கேட்டுவிட்டார், அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். அப்பா 17 வருடம் ராணுவத்தில் இருந்தவர், 1971 போரில் எல்லையில் நின்றவர்.

மெனோனைட் நம்பிக்கையில் யாரையும் கொல்வதில்லை, நாட்டுக்காகக்கூட. இரண்டாம் உலகப் போரில் கனடாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனசாட்சி காரணமாக ஆயுதம் எடுக்க மறுத்து, அதற்குப் பதிலாகக் காடுகளில் மரம் நட்டார்கள், சாலை போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெனோனைட். கோழை என்று ஊர் ஏசியது. மாடும் வயலும் பெண்கள் தலையில் விழுந்தது. இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை டிர்க் வில்லெம்ஸுடையது. 1569ல் நெதர்லாந்தின் ஆஸ்பெரெனில், இதே விசுவாசத்துக்காக அடைக்கப்பட்ட சிறையிலிருந்து தப்பி உறைந்த குளத்தின் மேல் ஓடினார். துரத்தி வந்தவன் பனி உடைந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கைகொடுத்துத் தூக்கினார். அதனாலேயே பிடிபட்டார், எரித்துவிட்டார்கள்.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘தண்ணிக்குள்ள விழுந்தவன் பேர் என்ன?’ என்று மட்டும் கேட்டார். அது எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. அவர் செய்தது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் செய்ததை என் பிள்ளைகள் செய்ய வேண்டாம் என்று ஜெபிக்கிறேன். இரண்டையும் அவர் முன்னாலேயே சொன்னேன்.

14. சண்டை வேண்டாம், மன்னிக்கணும்னே சொன்னா, அடிபடுற பொம்பளை வாயை மூடிட்டு இருக்கணுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, மிகவும் வலிக்கும் கேள்வியும் கூட. ஆம், அப்படி நடந்திருக்கிறது. சமாதானத்தைப் பற்றி உலகமே மதிக்கும்படி எழுதிய ஒரு மெனோனைட் இறையியலாளர் பல வருடங்களாகப் பல பெண்களிடம் தவறாக நடந்துகொண்டார். அவர் பணியாற்றிய இறையியல் கல்லூரி 2015ல்தான் அந்தப் பெண்களை அழைத்து, வெளிப்படையாகத் தங்கள் தவறை ஒத்துக்கொண்டது. அவ்வளவு காலம் ‘மன்னிப்பு’ என்ற சொல் பெண்களின் வாயைப் பொத்தத்தான் பயன்பட்டது. இதை மறைத்துக்கொண்டு மற்றப் பெருமைகளைச் சொல்ல எனக்கு மனமில்லை.

இதற்கு நேர் எதிரான பக்கமும் இதே ஊரில்தான் இருக்கிறது. 1974ல் எல்மைராவில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் வீடு, கார் என்று உடைத்து நாசம் செய்தார்கள். அவர்களைக் கண்காணித்த நன்னடத்தை அலுவலர் ஒரு மெனோனைட். அவர் யோசனைப்படி இருவரும் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, ஒத்துக்கொண்டு, நஷ்டத்தைக் கட்டினார்கள். உலகம் முழுக்க இன்று நடக்கும் சீரமைப்பு நீதி முறைக்கு அது ஒரு தொடக்கம். அங்கே முதலில் குற்றவாளிதான் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். மன்னிக்கச் சொல்லி யாரும் பாதிக்கப்பட்டவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டுக்குள் அடிக்கிறவனுக்கு இந்த முறையே வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் சபையின் எழுதிவைத்த விதியும் போலீஸுக்கும் பெண்ணின் பாதுகாப்புக்கும்தான் முதல் இடம் கொடுக்கிறது.

15. அது வெள்ளைக்காரங்க சபைதானே, உன்னை நிஜமாவே சேர்த்துக்கிட்டாங்களா?

இங்கே இருவர் சந்தித்தால் முதலில் குடும்பப் பெயரைத்தான் கேட்பார்கள். மார்ட்டின் குடும்பமா, பவுமன் குடும்பமா, எந்தப் பண்ணை, யார் பேரன் என்று தோண்டித் தோண்டி ஒரு சொந்தத்தைக் கண்டுபிடிக்காமல் விட மாட்டார்கள். ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று நம் ஊரில் கேட்பது போலவே. அந்தப் பேச்சு நடக்கும்போது நான் காப்பிக் கோப்பையோடு ஓரமாக நிற்பேன். அது இன்னும் உறுத்தத்தான் செய்கிறது, உறுப்பினராகி இத்தனை வருடமானாலும்.

ஆனால் மெனோனைட் என்றால் வெள்ளைக்காரர் என்பது உண்மை இல்லை. இன்று உறுப்பினர்களில் பெரும்பான்மை ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில். எத்தியோப்பியாவின் மெசெரெத்தே கிறிஸ்தோஸ் சபை மிகப் பெரியவற்றில் ஒன்று. இந்தியாவில் சத்தீஸ்கரின் தம்தரியிலும் தெலங்கானாவின் மகபூப்நகரிலும் சபைகள் உண்டு. 1899ல் தம்தரிக்கு வந்த மிஷனரிகள் பஞ்ச நிவாரணத்துக்காக வந்தவர்கள். 1997ல் உலக மெனோனைட் மாநாடு கொல்கத்தாவில்தான் நடந்தது. ஒரு தெலுங்கு அம்மா எங்கள் சபைக்கு விருந்தாளியாக வந்து, மூன்று தலைமுறை மெனோனைட் என்று சொன்னபோது, குடும்பப் பெயர் கேட்கிறவர்கள் அமைதியானார்கள்.

16. குதிரை வண்டி வீட்டுப் பொண்ணுங்க எட்டாங் கிளாஸோட நிறுத்திடுவாங்களாமே, பாவம் இல்லையா?

நிறுத்துகிறார்கள், பையன்களும்தான். அவர்களுடைய சிறு பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரைதான். பெரும்பாலும் அந்தச் சமூகத்தின் இளம்பெண்களே ஆசிரியைகள். எனக்கு இது சம்மதமில்லை. மேலே படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணுக்கு அங்கே வழி மிகக் குறுகல். ஆனால் சந்தையில் எனக்குத் தக்காளி விற்கும் பழைய ஒழுங்குப் பெண்ணிடம் ‘பாவம்’ என்ற பார்வையோடு போய் நின்றால் அவள் சிரிப்பாள். கணக்கு, கடை, பத்துப் பேர் குடும்பம் எல்லாம் அவள் கையில். பிரசவமானால் முறை போட்டுப் பெண்கள் வருவார்கள். கொட்டகை எரிந்தால் நூறு பேர் வந்து மறுபடி எழுப்புவார்கள். முதியோர் இல்லம் தேட வேண்டியதில்லை, பண்ணை வீட்டோடு ஒட்டி ‘தாத்தா வீடு’ கட்டியிருக்கும். ஊருக்கு வந்து போகிறவர்கள் அவர்களைப் படம் எடுக்காமல் இருந்தால் போதும், அவர்கள் அதை விரும்புவதில்லை.

17. சரி, உன் பிள்ளைங்க மெனோனைட்டா?

இன்னும் இல்லை. ஆறாவது கேள்வியில் சொன்னதுதான் காரணம், இங்கே யாரும் பிறப்பால் உறுப்பினர் ஆக முடியாது. மகன் வேறு ஊரில் படிக்கிறான், எந்தச் சபைக்கும் போவதில்லை. மகளுக்கு 17. பாட்டில் மூன்றாம் பாகம் பாடுகிறாள், கம்ஃபர்ட்டருக்கு முடிச்சுப் போடுகிறாள், போதகரோடு காரசாரமாக விவாதம் செய்கிறாள். ஞானஸ்நான வகுப்புக்கு இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை.

அம்மா போனில் ‘நீயாவது கொஞ்சம் சொல்லக் கூடாதா?’ என்கிறாள். எனக்கும் ஆசை உண்டு. ஆனால் எனக்குக் கிடைத்த அந்த ‘ஆம்’ நானே சொன்னதாக இருந்ததே, அதை மகளிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? போன பெரிய வியாழனன்று அவளாகவே கீழ்த்தளத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என் எதிரே உட்கார்ந்து காலை நீட்டினாள்.